முழிச்சாச்சு, இன்னும் எந்திரிக்கல

போன வாரம் ஊருக்கு, நீடாமங்கலத்துக்கு, போயிருந்தேன். அக்கா பையனோட ஆங்கில கைடைப் புரட்டினால், ஃப்ரேசல் வெர்ப் பட்டியலில் 'வேக் அப்', 'கெட் அப்' இரண்டுக்கும் ஒரே பொருள்: எழுந்திருத்தல். நானும் அப்படித்தான் படித்தேன்.

மறுநாள் காலை அதே வீட்டில் கேட்டது இது.

"டேய், இன்னுமா தூங்குற?"

"முழிச்சிட்டேம்மா, இன்னும் எந்திரிக்கல."

முழிப்பது வேக் அப். படுக்கையை விட்டு வருவது கெட் அப். ஆங்கிலம் பிரிக்கிற அதே இடத்தில் நம்ம பேச்சும் பிரிக்கிறது. பையனுக்கு ஏற்கெனவே தெரிந்ததைக் கைடு அழித்துவிட்டு, ஆங்கிலம் கஷ்டம்னு அவனை நம்ப வைக்கிறது. என் கோபம் இதில்தான்.

'எந்திரி' இன்னும் கொஞ்ச தூரம் கூட வரும். பாயிலிருந்து, நாற்காலியிலிருந்து, விழுந்த இடத்திலிருந்து, எல்லாவற்றுக்கும் எந்திரிதான், கெட் அப்தான். இரண்டும் பிரிவது அடுத்தவரை எழுப்பும்போது. தமிழ் வினையையே மாற்றும்: எழு, எழுப்பு. ஆங்கிலம் ஆளை நடுவில் செருகும்: 'கெட் ஹிம் அப்'. 'கெட் அப் ஹிம்' என்றால் பிழை. சொல்லித் தரவேண்டிய இடம் இது. கைடில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

அதற்குப் பதில், 'அப் என்றால் மேலே' என்று ஒரு குறிப்பு. காற்று வலுத்தாலும் ஆங்கிலத்தில் கெட் அப் உண்டு. நாம் 'காத்து கிளம்பிடுச்சு' என்போம். இதில் மேலே எங்கே இருக்கிறது? ஸ்ரீரங்கத்தில் பெருமாள் பள்ளிகொண்ட கோலத்தில் 'எழுந்தருளியிருக்கிறார்'. படுத்திருப்பவர் எப்படி எழுந்தார்னு யாரும் கேட்பதில்லை. சொல்லைப் பிரிக்காமல் மொத்தமாகப் புரிந்துகொள்கிறோம். கெட் அப்பையும் அப்படித்தான் படிக்கணும்.

இன்னொரு பொருளை சினிமாவே சொல்லிக் கொடுத்துவிட்டது. 'நவராத்திரி'யில் (1964) சிவாஜிக்கு ஒன்பது கெட்டப், 'தசாவதார'த்தில் (2008) கமலுக்குப் பத்து. வேஷம், உடை, தோற்றம் என்ற இந்தப் பொருள் நாம் கண்டுபிடித்ததில்லை, ஆங்கிலத்திலேயே உள்ளது. கைடில் அதுவும் இல்லை.

இதையெல்லாம் சொன்னதும் பையன், "அப்ப எனக்குப் பாதி முன்னாடியே தெரியுமா மாமா?" என்றான். கைடின் ஓரத்தில் பென்சிலால் 'முழி', 'எந்திரி' என்று எழுதிக் கொடுத்தேன்.

"பரீட்சைல இப்படி எழுதினா மார்க் போடுவாங்களா?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை.