இருபத்தெட்டுக் கால் பாடகன்

ஒரு 6581 சிப்புக்கு மின்சாரம் கொடுத்துவிட்டு எதையும் வாசிக்காமல் விட்டுப் பாருங்கள். அது சும்மா இருக்காது. ஸ்பீக்கரில் மெல்லிய இரைச்சல் ஓடிக்கொண்டே இருக்கும். காதைக் கூர்மையாக்கிக் கேட்டால், நிறுத்திவிட்டதாக நினைத்த ஸ்வரங்களின் கசிவும் அதற்கடியில் கேட்கும். ஒலிப்பதிவுக் கூடத்துப் பொறியாளர் இதைக் குறை என்பார். பழைய ஒலிச் சிப்புகளைத் தேடிப் பிடித்துத் தன் கையாலேயே சிந்தசைசர் கட்டுகிறவரும் முதலில் அந்தக் கசிவை அடைக்கத்தான் மல்லுக்கட்டுவார். முக்கால்வாசி அடைத்ததும் நிறுத்திக்கொள்வார். எங்கே நிறுத்துகிறார் என்பதில் அவருடைய ரசனை தெரிந்துவிடும்.

இந்த உலகத்தின் செல்லப்பிள்ளை 6581. சவுண்ட் இன்டர்ஃபேஸ் டிவைஸ் என்ற நீண்ட பெயரைச் சுருக்கி சிட் என்பார்கள். 1981-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், கமடோர் நிறுவனத்துக்குச் சொந்தமான மோஸ் டெக்னாலஜியில் ராபர்ட் யானஸ் என்ற இளம் பொறியாளர் அதை வடிவமைத்தார். மின்னிசைப் பித்து கொண்டவர் அவர். அன்றைய கணினிகளில் இருந்த ஒலிச் சிப்புகளைச் செய்தவர்களுக்கு இசை பற்றி ஒன்றும் தெரியாது என்று வெளிப்படையாகவே சொன்னவர். அவர் ஆசைப்பட்டது 32 குரல்கள். ஒரே ஆஸிலேட்டரை முறைவைத்துப் பல குரல்களுக்கும் பயன்படுத்துவது திட்டம். நாள் போதவில்லை. ஒரு குரலை முழுதாகச் செய்து, அதையே மூன்று தடவை சிலிக்கானில் பதித்து வேலையை முடித்தார். 1982 ஜனவரியில் லாஸ் வேகாஸ் கண்காட்சியில் 595 டாலர் விலையோடு கமடோர் 64 கணினி அறிமுகமானபோது அதற்குள் உட்கார்ந்திருந்தது இந்த அவசரப் பிள்ளை.

மூன்றே குரல்தான். ஆனால் ஒவ்வொரு குரலுக்கும் முக்கோண அலை, ரம்பப்பல் அலை, துடிப்பலை, இரைச்சல் என்று நான்கு வடிவங்கள். ஒலி எழும் வேகம், தணியும் வேகம், நிற்கும் அளவு, அடங்கும் வேகம் நான்கையும் தனித்தனியே வைத்துக்கொள்ளும் என்வலப் வசதி. ஒரு குரலால் இன்னொன்றைக் குலுக்கும் ரிங் மாடுலேஷன். எல்லாவற்றுக்கும் மேலாக அசல் அனலாக் ஃபில்டர் ஒன்று. ஜெனரல் இன்ஸ்ட்ருமென்ட் நிறுவனம் 1978-இல் வெளியிட்ட ஏ.ஒய்-3-8910 சிப்பிலும் மூன்று குரல்கள் உண்டு. ஆனால் அங்கே சதுர அலையையும் பொதுவான ஓர் இரைச்சலையும் தவிர வேறு வடிவமில்லை, ஃபில்டரும் இல்லை. மூன்று குரலும் ஒரே என்வலப்பைப் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். சிட்டை மட்டும் ஏன் இத்தனை பேர் துரத்துகிறார்கள் என்பதற்குப் பாதி விடை இதிலேயே இருக்கிறது.

மீதிப் பாதி, அதைக் கட்ட உட்காரும்போது தெரியும். இந்தச் சிப்புக்குக் கீபோர்டு என்றால் என்னவென்று தெரியாது. சென்னை ரிச்சி தெருவில் மூன்று கால் யு.எம்.66 வாங்கி அழைப்பு மணி செய்து பார்த்தவர்களுக்கு வித்தியாசம் சட்டென்று விளங்கும். அதற்குப் பேட்டரி கொடுத்தால் போதும். உள்ளே எழுதிவைத்த ஒரே மெட்டை அலுக்காமல் பாடும். சிட்டுக்கு எந்த மெட்டும் தெரியாது. ரெஜிஸ்டர் எனப்படும் 29 எண் அறைகளை வைத்துக்கொண்டு எண்களுக்காகக் காத்திருக்கும். கடிகாரத் துடிப்பு நொடிக்குப் பத்து லட்சம் என்றால், 440 ஹெர்ட்ஸ் ஸ்வரத்துக்கு 7382 என்ற எண்ணை இரண்டாகப் பிரித்து இரண்டு ரெஜிஸ்டர்களில் எழுத வேண்டும். எந்த ரெஜிஸ்டர் என்று சொல்ல ஐந்து கால்கள், எண்ணைத் தர எட்டுக் கால்கள். கீபோர்டிலிருந்து மிடி என்ற இசைக்கருவி இணைப்பு வழியாக வரும் செய்தியை வாங்கி, இந்த எண்களாக மாற்றி, சரியான நேரத்தில் சரியான அறைக்குள் தள்ளுவதற்கு ஒரு மைக்ரோகன்ட்ரோலர் வேண்டும். கமடோர் 64-இல் கணினி முழுதும் சேர்ந்து செய்த வேலையை இப்போது விரல் நீளச் சிப் ஒன்று செய்கிறது.

அந்தக் கடிகாரத் துடிப்பிலும் ஒரு வேடிக்கை உண்டு. ஐரோப்பாவில் விற்ற கமடோரில் அது நொடிக்கு 9,85,248. அமெரிக்காவில் விற்றதில் 10,22,727. தொலைக்காட்சி முறைகள் வேறுபட்டதால் வந்த வித்தியாசம் இது. ஒரே எண்ணை இரண்டிலும் எழுதினால், ஒரு ஸ்வரஸ்தானத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளியில் பாதிக்கும் மேலாகச் சுருதி விலகிவிடும். கையால் கட்டுகிறவருக்கு இந்தத் தொல்லை இல்லை. தனியாக ஒரு கிறிஸ்டலைப் பொருத்தி முழுதாகப் பத்து லட்சத்தில் ஓட்டலாம்.

சால்டரிங் இரும்பைச் சூடேற்றுவதற்கு முன் இன்னொரு கேள்வி: கையில் இருப்பது 6581-ஆ, பிற்பாடு வந்த 8580-ஆ? முன்னதற்கு 12 வோல்ட், பின்னதற்கு 9. மாற்றிக் கொடுத்தால் 8580 போய்ச் சேர்ந்துவிடும், மீட்க வழியில்லை. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் சிப்பை நேரடியாகப் பற்றவைக்க மாட்டார்கள். 28 கால் சாக்கெட்டைப் பற்றவைத்து, வெற்றுச் சாக்கெட்டில் மீட்டரை வைத்து 25-ஆம் காலில் 5 வோல்ட்டும் 28-ஆம் காலில் உரிய வோல்ட்டும் வருகிறதா என்று பார்த்த பிறகே சிப்பை உட்கார வைப்பார்கள். கமடோரோடு வந்த பழைய பவர் சப்ளையை ஆசைக்காகப் பயன்படுத்துவதும் ஆபத்து: ரெசின் ஊற்றி மூடிய அந்தப் பெட்டி பழுதானால் 5 வோல்ட் இழையில் அதற்கு மேல் ஏறி, இணைத்திருக்கும் சிப்புகளைப் பொசுக்கிவிடும். 6581 தானாகவே நன்றாகச் சூடேறும் ஜாதி. முதுகில் சிறு அலுமினியத் தகடு ஒட்டுவது அலங்காரத்துக்காக அல்ல. வெளி ஒலியை உள்ளே வாங்கும் 26-ஆம் காலைச் சும்மா தொங்கவிட்டால் அக்கம்பக்கத்து இரைச்சலையெல்லாம் அது இழுத்துவரும். ஒரு கபாசிட்டர் வழியாக அதைத் தரையோடு கட்டியதும் பெட்டி பாதி அமைதியாகும்.

இனி ஃபில்டர். அதன் திறப்பைக் கூட்டிக் குறைக்க மாறும் மின்தடை வேண்டும். யானஸ் அதற்கு மாஸ் டிரான்சிஸ்டர்களையே பயன்படுத்தினார். அவற்றின் குணமோ உற்பத்திக்கு உற்பத்தி மாறும். விளைவு, ஒரே தொழிற்சாலையில் ஒரே ஆண்டில் பிறந்த இரண்டு 6581-களில் ஒரே எண்ணை எழுதினாலும், ஒன்று மந்தமாக மூடிக்கிடக்கும், மற்றது பளிச்சென்று திறந்திருக்கும். மானாமதுரைக் கடத்தைத் தட்டிப் பார்த்து எடுப்பதுபோல இதையும் கேட்டுத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. போதாக்குறைக்கு, உள்ளே நுழையும் ஒலியின் வலுவுக்கேற்ப அந்த டிரான்சிஸ்டர்களின் தடையும் அசைவதால் பலத்த ஸ்வரங்கள் கொஞ்சம் கரகரத்து வெளியே வரும். கணக்குப்படி இது பிழை. கித்தார் வாசிப்பவர்கள் தனிப்பெட்டி வாங்கி வரவழைத்துக்கொள்ளும் அந்தக் கரகரப்பு இங்கே இலவசமாக வருகிறது. 8580 வந்தபோது ஃபில்டர் ஒழுங்கானது, இரைச்சல் குறைந்தது, சிப்புகளுக்கிடையே வேறுபாடும் சுருங்கியது. இன்றும் பலர் 6581-ஐயே கேட்கிறார்கள். அந்தத் தேர்வு சரிதான், அடிநாத வரிகளுக்கு மட்டும். நுணுக்கமான மேல்ஸ்தாயி வேலைக்கு 8580-இன் தெளிவை ஏளனம் செய்பவர்கள் காதைவிடக் கதையை நம்புகிறவர்கள்.

ஃபில்டருக்கு வெளியே இரண்டு கபாசிட்டர்கள் உண்டு. கட்டுகிறவருக்குச் சுதந்திரம் இருக்கும் இடம் அது. கமடோர் பலகைகளில் 6581-க்குப் பெரும்பாலும் 470 பிகோஃபாரட், 8580-க்கு 22 நானோஃபாரட். மதிப்பைக் கூட்டினால் ஃபில்டர் வேலைசெய்யும் பரப்பு முழுதும் கீழே இறங்கும். இருட்டாகப் பாடும் சிப் ஒன்று கிடைத்துவிட்டால் சிறிய மதிப்பைப் போட்டு அதைக் கொஞ்சம் வெளிச்சத்துக்கு இழுக்கலாம். குமிழை எப்படி இணைப்பது என்பதும் சின்ன விஷயமில்லை. ஃபில்டர் திறப்புக்குச் சிட்டில் 2048 படிகள். வழக்கமான மிடி கட்டளைக்கு 128 படிகள்தான். மிடி வழியாகத் திருப்பினால் ஒலி வழுக்கி ஏறாமல் படிக்கட்டில் தடதடவென்று ஏறும். குமிழின் மின்னழுத்தத்தை மைக்ரோகன்ட்ரோலரே நேரடியாக அளந்து நுண்ணிய எண்ணாக மாற்றிக் கொடுத்தால்தான் அந்த வழுக்கல் கிடைக்கும்.

கீபோர்டில் வேகமாக வாசிப்பவரை நிலைகுலைய வைக்கும் பிழை ஒன்றும் இதில் இருக்கிறது. என்வலப்பின் வேகத்தை எண்ணும் உள் கடிகை, புதிதாகக் கொடுத்த அளவை ஏற்கெனவே தாண்டியிருந்தால், முழுச்சுற்று சுற்றி வந்துதான் அதைப் பிடிக்கும். 32,768 துடிப்புகள், ஏறக்குறைய 33 மில்லி நொடி. விசையை அழுத்திய பிறகு ஸ்வரம் தயங்கி எழும், அதுவும் சில தடவை மட்டும். கமடோர் இசைக்காரர்கள் ஸ்வரம் தொடங்குவதற்குச் சற்று முன்பே என்வலப்பை வலிந்து அடக்கி இதைச் சமாளித்தார்கள். அவர்களுக்கு அடுத்த ஸ்வரம் என்னவென்று முன்கூட்டியே தெரியும். கீபோர்டு வாசிப்பவரின் விரல் எங்கே விழும் என்று பெட்டிக்குத் தெரியாது. எனவே கட்டுகிறவர் ஒன்று சிறு தாமதத்தை எல்லா ஸ்வரத்துக்கும் சமமாக ஏற்றுக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் அவ்வப்போது வரும் தடுமாற்றத்தோடு வாழ வேண்டும்.

இதையெல்லாம் தெரிந்துகொள்ள வேறு பாடசாலை தேவையில்லை. 1980-களின் விளையாட்டு இசையே போதும். இங்கிலாந்தின் ராப் ஹப்பார்ட் 1985-இல் 'மான்ட்டி ஆன் த ரன்' விளையாட்டுக்குச் செய்த இசையில் மூன்று குரல்களுக்குள் தாளம், அடிநாதம், மெட்டு மூன்றும் ஓடுகின்றன. ஐரோப்பியக் கமடோரில் இசை நிரல் நொடிக்கு 50 தடவை கூப்பிடப்படும். அந்த ஐம்பதில் ஒரு பங்கு நொடிதான் அவர்களுடைய மாத்திரை. முரசு வேண்டுமென்றால் ஒரு மாத்திரை இரைச்சல், அடுத்த மாத்திரையிலேயே துடிப்பலையில் சரசரவென்று இறங்கும் ஸ்வரம். பல ஸ்வரங்கள் சேர்ந்த ஒலிக்கொத்துக்குக் குரல் போதாதபோது ஒரே குரலை மூன்று ஸ்வரங்களுக்கிடையே மாத்திரைக்கு ஒருமுறை தாவவிட்டார்கள். சிட் இசை என்றதும் நினைவுக்கு வரும் அந்தக் குமிழியிடும் ஒலி அங்கே பிறந்தது. மார்ட்டின் கால்வே 1987-இல் 'ஆர்க்கனாய்டு' விளையாட்டில், வால்யூம் ரெஜிஸ்டரைத் துரிதமாக ஏற்றி இறக்கும்போது எழும் சொடுக்கொலிகளைக் கோத்து முரசொலியையே வரவழைத்தார். ஆகவே நல்ல சிட் சிந்தசைசருக்கு விசையும் குமிழும் மட்டும் போதாது. மாத்திரைக்கு ஒருமுறை அலைவடிவையும் ஸ்வரத்தையும் மாற்றும் அட்டவணையும் உள்ளே இருக்க வேண்டும். அது இல்லாத பெட்டியில் சிட் ஏதோ ஒரு மலிவு அனலாக் கருவியாகச் சுருங்கிப்போகிறது.

ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில் தொடங்கிய எலக்ட்ரான் நிறுவனம் 1999-இல் கொண்டுவந்த சிட்ஸ்டேஷன் இதைப் புரிந்துகொண்ட கருவி. இருப்பில் இருந்த பழைய சிப்புகளை நம்பி நடந்த தயாரிப்பு அது; புதிதாகச் சிட் செய்ய யாரும் இல்லை. கையால் கட்டுவோருக்கான பெரிய வழி மிடிபாக்ஸ் சிட். வரைபடங்களும் நிரலும் எல்லாருக்கும் திறந்து கிடக்க, பலகையும் பாகங்களும் அவரவர் சேகரித்துக்கொள்வது. பிக் மைக்ரோகன்ட்ரோலர் ஒன்றுக்கு இரண்டு சிட், நான்கு சேர்ந்தால் எட்டு. எட்டுச் சிட்டையும் ஒரே பலகையில் தாங்கும் எம்.பி.-6582 வடிவத்தின் முகப்பில் குமிழ்களும் பொத்தான்களும் சிவப்பு விளக்குகளும் நெருக்கியடித்து நிற்கும். பார்க்கப் பரவசம்தான். ஆனால் வாசிக்கும்போது கை தேடிப் போவது நான்கைந்து இடங்களுக்குத்தான்: துடிப்பலையின் அகலம், ஃபில்டரின் திறப்பு, அதன் ஒத்ததிர்வு, அலைவடிவத் தேர்வு. துடிப்பலை அகலத்தை மெதுவாக அசைத்தால் ஒரே குரல் இருவர் சேர்ந்து பாடுவதுபோலத் தடிக்கும். அந்த ஒரு குமிழைப் பெரிதாக, கைக்கு வாகாக வைத்த பெட்டி, ஐம்பது குமிழ்ப் பெட்டியைவிட மேல்.

முதல்முறை கட்டுகிறவர் சிட்டிலிருந்து தொடங்காமல் இருப்பது நல்லது. ஏ.ஒய். சிப் 5 வோல்ட்டிலேயே ஓடும், விலையும் குறைவு. ஆர்டுயினோ பலகை ஒன்றோடு கோத்து அன்றைக்கே பேசவைக்கலாம். யமஹாவின் ஒய்.எம்.2612 வேறொரு வழி. 1988-இல் சேகா மெகா டிரைவில் வந்த இது, ஒரு அலையால் இன்னொன்றை அசைத்துப் புதுத் தொனி உண்டாக்கும் எஃப்.எம். முறையில் ஆறு குரல் தரும். ஸ்டான்ஃபோர்டில் ஜான் சௌனிங் 1967-இல் கண்டறிந்த முறை அது. மணி ஒலிக்கும் கண்ணாடி ஒலிக்கும் அதற்கு ஈடில்லை. ஆனால் அந்த ஒலி முழுக்கக் கணக்கால் உருவாவது. ஒரு சிப்புக்கும் மறு சிப்புக்கும் பெரிய வேற்றுமை காதில் படாது. பொறுக்கியெடுக்கும் சுகம் அங்கே இல்லை.

சிட்டைப் பொறுக்கியெடுப்பதும் இப்போது எளிதில்லை. கமடோர் 1994-இல் திவாலானது. இருக்கும் சிப்புகளோ ஒவ்வொன்றாகச் சாகின்றன. வேறு ஏதோ சிப்பின் முதுகைத் தேய்த்து 6581 என்று அச்சிட்டு விற்பவர்களும் இருக்கிறார்கள். வாங்கியதை ஒரு கமடோரில் வைத்து வாசித்துப் பார்க்காமல் நம்ப முடியாது. நல்ல நிலையில் ஓடும் கணினியைச் சிப்புக்காக அறுப்பது அநியாயம் என்று ஒரு தரப்பு கோபப்படுகிறது. அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. பலகை செத்த கணினியிலிருந்து எடுத்த சிப்பே போதும் என்பவர்கள் காத்திருக்கத் தயாராக இருக்க வேண்டும்.

காத்திருக்க முடியாதவர்களுக்கு ஆர்ம்சிட் போன்ற மாற்றுகள் வந்துவிட்டன. அதே 28 கால் சாக்கெட்டில் உட்கார்ந்து, உள்ளே சிறு கணினியால் சிட்டைப் போலச் செய்கின்றன. 6581-ஆ, 8580-ஆ என்று தேர்ந்துகொள்ளலாம், ஃபில்டரின் குணத்தையும் திருத்திக்கொள்ளலாம். இரண்டு சாக்கெட் உள்ள பெட்டி கட்டுகிறவர், இடப்பக்கம் அசலையும் வலப்பக்கம் மாற்றையும் வைத்து, இரண்டுக்கும் ஒரே எண்களை அனுப்பி, ஃபில்டரை அடியிலிருந்து நுனிவரை ஒருமுறை இழுத்துப் பார்க்கட்டும். இடமும் வலமும் விலகும் இடங்களில் ஒலி அகலமாக விரியும். இரண்டும் அசலாக இருந்தாலும் அப்படித்தான் விலகியிருக்கும்.