சொல்லாமல் கழித்துவிடும் ரெயில்ஸ்

2024 நவம்பரில், இணையச் செயலிகள் எழுத உதவும் சட்டகமான ரூபி ஆன் ரெயில்ஸின் 8ஆம் பதிப்பு வந்தபோது, ‘பாராம்ஸ் எக்ஸ்பெக்ட்’ என்ற புது வசதிக்கு நல்ல வரவேற்பு. தகுதியான வரவேற்புதான். படிவத்தின் தரவு வரவேண்டிய இடத்தில் யாராவது வெறும் சொல்லொன்றை முகவரிப் பட்டையில் தட்டி அனுப்பினால், முன்பு செயலி தடுமாறி 500 என்ற பிழையைக் காட்டும். இப்போது, அனுப்பியவர் பக்கம்தான் தவறு என்று 400ஐத் திருப்பித் தருகிறது. ஆனால் இதோடு ரெயில்ஸின் உள்ளீட்டுச் சிக்கலே தீர்ந்துவிட்டது என்று பேசுவது அவசரம். குறும்புக்கு எதையோ அனுப்புபவருக்கு முறையான பதில் கிடைத்துவிட்டது. ஒழுங்காகப் படிவத்தை நிரப்புபவருக்கு இன்னும் கிடைக்கவில்லை.

பயனர் டேபிளில் தொலைபேசி எண்ணுக்கு ஒரு நெடுவரிசை சேர்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மைக்ரேஷன் ஓடியாயிற்று, படிவத்திலும் கட்டம் வைத்தாயிற்று. எந்தப் புலங்களை ஏற்கலாம் என்று சொல்லும் கன்ட்ரோலரின் ‘பர்மிட்’ பட்டியலில் அந்தப் பெயரை எழுதுவது மட்டும் விட்டுப்போயிற்று. பயனர் எண்ணைத் தட்டிச் சேமிக்கிறார். ‘சேமிக்கப்பட்டது’ என்று பச்சைப் பட்டை வருகிறது. தரவுத்தளத்தில் எண் இல்லை; பட்டியலில் இல்லாத பெயரை ரெயில்ஸ் சொல்லாமல் கழித்துவிட்டது.

இப்படிக் கழித்துவிடும் வடிகட்டி ஏன் வந்தது என்பது தெரிந்த கதை. 2012 மார்ச்சில் எகோர் ஹொமகோவ் என்ற நிரலர், கிட்ஹப்பில் பொதுச்சாவி பதியும் படிவத்தில் வேறொருவரின் பயனர் எண்ணைச் செருகி, ரெயில்ஸின் சொந்தக் களஞ்சியத்திலேயே எழுதிக் காட்டினார். மறு ஆண்டு ரெயில்ஸ் 4, எதை ஏற்கலாம் என்ற பட்டியலை மாடலிலிருந்து கன்ட்ரோலருக்கு நகர்த்தியது. சரியான முடிவு. பட்டியல் வேண்டும்; அதில் சர்ச்சை இல்லை.

சர்ச்சை அதன் மௌனத்தைப் பற்றியது. அனுமதியில்லாத பெயர் வந்தால், உருவாக்கச் சூழலிலும் சோதனைச் சூழலிலும் லாகில் ஒரு வரி விழும். நூறு எஸ்க்யூஎல் வரிகளுக்கு நடுவே அதை யார் பார்ப்பது? உண்மையான பயனர்கள் புழங்கும் புரொடக்‌ஷனில் அந்த ஒரு வரியும் கிடையாது. தபாலை வாங்கி முத்திரை குத்தி ரசீதும் கொடுத்துவிட்டு, கடிதத்தைக் குப்பைக் கூடையில் போடும் அஞ்சலகம் இது.

சேமிப்பு நடக்கவில்லை என்றால் வழக்கமாகச் சொல்லப்படும் வைத்தியம் எதுவும் இங்கே பலிக்காது. ஆச்சரியக்குறி போட்ட ‘சேவ்’ எழுது, வேலிடேஷன் தோற்றால் கத்தும் என்பார்கள். இங்கே வேலிடேஷன் தோற்கவே இல்லை. மாடலின் கைக்கு அந்த எண் வந்து சேரவே இல்லை. இருப்பதைச் சரிபார்த்து ஒழுங்காக எழுதிவிட்டது. பிழைப் பட்டியல் காலி. மாடல் சோதனைகளோ வடிகட்டியைத் தொடாமல் நேராக மதிப்பைக் கொடுப்பவை, ஆகவே எல்லாம் பச்சை. நெடுவரிசை காலியாக இருக்கக் கூடாது என்று தரவுத்தளத்திலேயே கட்டுப்பாடு வைத்திருந்தால், புதிய பதிவின்போதாவது குட்டு உடையும். திருத்தும் படிவத்தில் அதுவும் நடக்காது. பழைய எண் அப்படியே உட்கார்ந்திருக்கும்.

பெயரைப் பட்டியலில் எழுதியும் தப்ப முடியாத இடங்கள் உண்டு. ஒன்றுக்கு மேற்பட்ட குறிச்சொற்களைத் தேர்ந்தெடுக்கும் கட்டமென்றால், பெயருக்குப் பின்னால் காலிச் சதுர அடைப்புக்குறி போட்டு ‘இது பட்டியலாக வரும்’ என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் குறிச்சொற்கள் அத்தனையும் போய்விடும். பட்டியலைத் திறந்து பார்ப்பவர், பெயர் இருக்கிறதே என்று திருப்தியாக மூடிவிட்டு வேறெங்கோ தேடப் போவார்.

இதே ரெயில்ஸ், மாடலில் இல்லாத பெயரை நிரலர் நேராகக் கொடுத்தால் உடனே பிழையை எறிகிறது. நிரலரின் எழுத்துப்பிழைக்குக் கூச்சல். பயனர் தட்டிய தரவு தொலைந்தால் அமைதி.

தாக்குபவருக்குத் துப்புக் கொடுக்கக் கூடாது என்பது ஒரு வாதம். சர்வர் லாகைத் தாக்குபவரா படிக்கிறார்? கூடுதல் பெயர் வந்ததற்கெல்லாம் பிழை எறிந்தால் பழைய மொபைல் செயலிகள் உடையும் என்பது இன்னொன்று. இதில் நியாயம் உண்டு; ஆனால் புரொடக்‌ஷனில் எறிய வேண்டாம், எழுதி வைத்தால் போதும். மற்ற இரு சூழல்களில் எறியட்டும். அமைப்புக் கோப்பில் ஒரே வரியில் முடிகிற மாற்றம் இது. அதை இயல்புநிலையாக வைக்கத்தான் ரெயில்ஸுக்கு மனமில்லை. இதுபோன்ற இன்னொரு சட்டகமான லாரவெல்லும் 2022இல் இப்படிப்பட்ட ஒரு கண்டிப்பைக் கொண்டுவந்தது, அங்கும் விரும்பினால்தான் இயக்கிக்கொள்ள வேண்டும்.

பழக்கத்தை மாற்றினால் உலகம் இடிந்துவிடும் என்பதற்கும் சான்றில்லை. நீளம் மிஞ்சிய சொல்லைச் சத்தமில்லாமல் வெட்டிக்கொண்டிருந்த மைஎஸ்க்யூஎல், 2015இல் 5.7 பதிப்பிலிருந்து இயல்பாகவே மறுக்கத் தொடங்கியது. மாற்றக் கூடாத புலத்துக்கு மதிப்புக் கொடுத்தால் கண்டுகொள்ளாமல் விட்டுவந்த ரெயில்ஸும், 2023இல் 7.1 பதிப்பில் பிழை எறியக் கற்றுக்கொண்டது. அதே பதிப்பு புதிய செயலிகளுக்கு இன்னொரு கண்டிப்பையும் இயக்கித் தந்தது: கன்ட்ரோலரில் இல்லாத ஒரு செயலின் பெயரை செயலுக்கு முன் ஓடவேண்டியவற்றைச் சொல்லும் வரியில் எழுதிவிட்டால், உருவாக்கச் சூழலில் பக்கமே திறக்காது. தொலைபேசி எண் காணாமல் போகிற செயலியில் மட்டும் பக்கம் திறக்கிறது, பச்சைப் பட்டையும் வருகிறது.