நேற்றைய ஸ்னாப்ஷாட்டில் இன்றைய பெர்மிஷன்

ஹார்டு லிங்க் வைத்து ஸ்னாப்ஷாட் எடுக்கும் பழைய முறைக்கு மறுபடியும் வக்காலத்து வாங்கக் கிளம்பியிருக்கிறார்கள். தனி மென்பொருள் வேண்டாம், ஆர்சிங்க்கும் பத்து வரி ஷெல் ஸ்கிரிப்டும் போதும். ஒவ்வொரு நாளின் ஃபோல்டரும் முழு பேக்கப் போலவே நிற்கும், மாறிய ஃபைலுக்கு மட்டும்தான் டிஸ்க்கில் இடம் போகும் என்பது வாதம். மறுப்பதற்கில்லை. சர்வர் படுத்துக் கிடக்கும் நேரத்தில் ஒரு சாதாரண காப்பி கமாண்டிலேயே எல்லாவற்றையும் திரும்ப எடுக்கலாம் என்பதும் சின்ன வசதியல்ல. 1996 முதல் புழங்கிவரும் ஆர்சிங்க்கின் மேல் எனக்குச் சந்தேகமும் இல்லை.

சந்தேகம் அதன்மேல் கட்டிய ஏற்பாட்டில். ஒரு ஃபைலின் பெர்மிஷனும் ஓனரும் குரூப்பும் அதன் பெயரோடு இல்லை, ஃபைலின் விவரங்களை வைத்திருக்கும் ஐநோடில் இருக்கின்றன. ஹார்டு லிங்க் என்பது ஒரே ஐநோடுக்கு இன்னொரு பெயர். திங்கள் முதல் ஞாயிறு வரை ஏழு ஃபோல்டர்களில் அந்த ஃபைல் தெரிந்தாலும் பெர்மிஷன் ஒன்றே ஒன்றுதான்.

இரவில் நடப்பதைப் பாருங்கள். ஸ்கிரிப்ட் முதலில் நேற்றைய ஃபோல்டரை லிங்க்குகளாக நகலெடுக்கிறது. பிறகு அந்த நகலின்மேல் ஆர்சிங்க் ஓடுகிறது. உள்ளடக்கம் மாறியிருந்தால் புதியதைத் தற்காலிகப் பெயரில் எழுதி, முடிந்ததும் பழைய பெயருக்கு மாற்றும். லிங்க் அறுந்துவிடும், நேற்றைய பிரதிக்குச் சேதமில்லை. பெர்மிஷன் மட்டும் மாறியிருந்தால் கதை வேறு. பெர்மிஷனை மாற்றும் சிஎச்மாட் கமாண்ட், உள்ளடக்கம் மாறிய நேரமான எம்டைமைத் தொடாது, ஐநோடு மாறிய நேரமான சிடைமைத்தான் மாற்றும். ஆர்சிங்க் வழக்கமாகப் பார்ப்பதோ அளவையும் எம்டைமையும். இரண்டும் ஒத்துப்போவதால் உள்ளடக்கத்தை அனுப்பாமல், இருக்கிற ஃபைலிலேயே புது பெர்மிஷனைப் போட்டுவிடுகிறது. அந்த ஐநோடு ஏழு நாளுக்கும் பொது. இன்றைய வரவை எழுதப்போய் போன வாரப் பேரேட்டையும் திருத்திவிடும் கணக்குப்பிள்ளையை எந்தக் கடையில் வைத்துக்கொள்வார்கள்?

அவசரத்தில் யாரோ வெப் ஃபோல்டர் முழுவதற்கும் 777 போட்டுவிட்டார்கள் என்று வையுங்கள். இது நடக்காத சர்வர் குறைவு. டேட்டாபேஸ் பாஸ்வேர்டு இருக்கும் கான்ஃபிக் ஃபைல் 640-ஆக இருந்தது, இப்போது எல்லோரும் எழுதலாம். எஸ்எஸ்எச் பிரைவேட் கீ மாட்டியிருந்தால் அதை எஸ்எஸ்எச் ஏற்காது. மறுநாள் அட்மின் பழைய ஸ்னாப்ஷாட்டைத் திறக்கிறார். உள்ளடக்கம் ஓர் எழுத்துக்கூடக் கெடவில்லை. அவருக்கு அது தேவையே இல்லை. தேவைப்படுவது எந்த ஃபைலுக்கு எந்த எண் இருந்தது என்பது மட்டும். ஏழு ஃபோல்டர்களிலும் 777 என்றே நிற்கிறது. ஃபோல்டர்களை ஹார்டு லிங்க் செய்ய முடியாததால் அவற்றின் பெர்மிஷன் மட்டும் தப்பிக்கிறது, யாருக்கு ஆறுதல்?

ஆர்சிங்க்கிலேயே லிங்க்-டெஸ்ட் என்ற ஆப்ஷன் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. பெர்மிஷன் ஒத்துப்போகாத ஃபைலை அது லிங்க் செய்யாமல் புதிதாக எழுதுவதால் பழையது பிழைக்கிறது. ஆனால் 2 டெராபைட் ஷேர் ஒன்றின் குரூப்பை ஒரு கமாண்டில் மாற்றினால் அன்றிரவு பேக்கப் டிஸ்க்கில் இன்னொரு 2 டெராபைட் ஏறும். உள்ளே ஒரு பைட்கூட மாறியிருக்காது. இதே முறையில் எழுந்த ஆர்ஸ்னாப்ஷாட்டில்கூட லிங்க்-டெஸ்ட் நாமாகப் போட வேண்டிய செட்டிங்தான்.

டிஸ்க் மலிவு, பெர்மிஷனை அன்சிபிள் பார்த்துக்கொள்ளும் என்பது அடுத்த சமாதானம். கணக்குப் பிரிவின் ஷேரில் யார் எந்த ஃபைலுக்கு என்ன அனுமதி கொடுத்தார்கள் என்பதை எந்த அன்சிபிள் பிளேபுக்கில் எழுதிவைத்திருக்கிறார்கள்? உள்ளடக்கம்தான் தரவு, பெர்மிஷன் அதன் வால் என்ற நினைப்பே இப்படிப் பேச வைக்கிறது. விண்டோஸ் பக்கமும் இதே நோய்தான்: ரோபோகாப்பி தானாக செக்யூரிட்டியைக் காப்பி செய்யாது, ஏற்கனவே போய்ச் சேர்ந்த ஃபைலின் அனுமதி பின்னால் மாறினால் அதற்கு செக்ஃபிக்ஸ் என்று தனி ஆப்ஷன் கொடுக்க வேண்டும்.

போர்க், ரெஸ்டிக் போன்ற தனி பேக்கப் மென்பொருள்கள் உள்ளடக்கத்தைத் துண்டுகளாக ஓரிடத்திலும் பெர்மிஷன் முதலிய விவரங்களைத் தனியாகவும் வைக்கின்றன. பெரிய சிஎச்மாட்டுக்குப் பிறகு சிடைம் மாறியதால் எல்லா ஃபைலையும் மறுபடி படிக்கும், அன்றைய ஓட்டம் நீளும். டிஸ்க்கில் கூடுவது சொற்பம், பழைய ஸ்னாப்ஷாட் பழையதாகவே இருக்கும். பேக்கப்பிடம் இதைக்கூடக் கேட்கக் கூடாதா?

பழைய ஸ்கிரிப்டை விட மனமில்லாதவர்கள், ஒவ்வோர் இரவும் ஓட்டத்துக்கு முன் கெட்எஃப்ஏசிஎல் கமாண்டின் வெளியீட்டைத் தேதியிட்ட ஃபைலாகச் சேமித்து வையுங்கள். உங்கள் ஸ்கிரிப்ட் எந்த வகை என்று தெரியாவிட்டால், இன்று ஒரு சோதனை ஃபைலுக்கு 600 போட்டு பேக்கப் எடுங்கள். நாளை உள்ளடக்கத்தைத் தொடாமல் 644 ஆக்கி மறுபடி எடுங்கள். பிறகு முதல் நாள் ஃபோல்டரில் அதன் எண்ணைப் பாருங்கள். 644 என்று வந்தால் அந்த ஸ்கிரிப்டை அன்றே நிறுத்திவிடுங்கள்.