கட்டடமில்லாத பள்ளியின் சரித்திரம்

கண்டியிலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீற்றர் தூரத்தில், உடுநுவரைப் பகுதியில் அமைந்துள்ளது எம்பெக்க தேவாலயம். அதன் மேள மண்டபத்து மரத்தூண்களிலே அன்னப்பட்சிகளும், இரட்டைத்தலைக் கழுகும், மல்லரும், மகவுக்குப் பாலூட்டும் தாயும் செதுக்கப்பட்டுள்ளனர். இவ்வேலைப்பாடுகளின் தொகை 514 என்று கணக்கிட்டுள்ளார்கள். கூரையின் ஒரு முனையில் 26 கைமரங்களை ஒரே மர ஆணி இறுக்கிப் பிடித்திருக்கிறது. இதனைச் செய்தவர் யார் என்று ஊரவரைக் கேட்டால், தேவேந்திர மூலாச்சாரி என்ற பெயர் உடனே வரும். கண்டிக்குத் திரும்பி, தலதா மாளிகையின் முகப்பிலுள்ள எண்கோண மண்டபத்தை, சிங்களத்தில் பத்திரிப்புவ எனப்படுவதை, அமைத்தவர் யார் என்று கேட்டாலும் அதே பெயர்தான் வரும்.

எம்பெக்க தேவாலயம் 14ஆம் நூற்றாண்டில், கம்பளையிலிருந்து ஆண்ட மூன்றாம் விக்கிரமபாகுவின் காலத்தில் எழுந்தது என்பர். பத்திரிப்புவவோ 1798 முதல் 1815 வரை ஆண்ட ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனுக்காக எழுப்பப்பட்டது. ஒரே தச்சர் நானூறு ஆண்டுக்கு மேல் உயிர்வாழ்ந்து உளி பிடித்திருக்க முடியாது. சரித்திரப் பாடம் படித்தவர் இதைக் கேட்டுச் சிரிப்பார். 'கர்ணபரம்பரைக் கதை' என்று எழுதி ஒதுக்கிவிடுவார். ஆனால் நமக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தத் தவறுக்குள்ளே ஒரு பள்ளியின் சரித்திரம் மறைந்து கிடக்கிறது என்பதே நமது துணிபு. (அந்தப் பெயரின் பின்பாதியில் நம்மூர் ஆசாரியின் குரலும் கேட்கிறதல்லவா?)

கண்டியக் கைவினைப் பள்ளி என்று நாம் சொல்வது ஓர் ஓட்டுக் கூரையையும் மணியையும் அன்று. அது பட்டறைகளாலும் குடும்பங்களாலும் ஆனது. அரசனுக்கென 'பட்டல் ஹத்தர' என்னும் நான்கு பட்டறைகள் இருந்தன. அவற்றுக்கு அப்பால் கிராமங்களிலே கொல்லரும் தச்சரும் தட்டாரும் சித்திரகாரரும் தந்தையிடமிருந்து மகனாகத் தொழில் கற்றனர். மாணாக்கனுக்கு முதற்பாடம் 'வகதெக்க' என்னும் இரட்டை வளைவு. அந்த வளைவு கைக்கு வசப்பட்ட பிறகே இலையும் கொடியும் அன்னமும். இந்தப் பள்ளியிலே இடாப்பு இல்லை. அதிபரின் குறிப்பேடு இல்லை. பழைய மாணவர் சங்க மலரும் இல்லை. இதன் சரித்திரம் வாய்களிலும் விரல்களிலும் மட்டுமே இருந்து வந்திருக்கிறது. ஒரு முதிய தொழிலாளி கண்மூடும்போது இந்தப் பள்ளியின் சுவடிக் கூடத்தில் ஒரு பகுதி எரிந்துபோகிறது.

இதனை முதலில் உணர்ந்து கேட்டு எழுதப் புறப்பட்டவர், கொழும்பில் 1877இல் பிறந்த ஆனந்த குமாரசுவாமி. கனியங்களை ஆராயும் அரசாங்க உத்தியோகத்தராகக் கிராமங்களுக்குச் சென்றவர், கற்களைத் தேடிய வழியிலே மனிதரைக் கண்டார். அவர்களின் கருவிகள், அளவுகள், சடங்குகள், வரைமுறைகள், மானியங்கள் யாவற்றையும் அவர்களிடமே கேட்டறிந்து, 1908இல் 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்னும் ஆங்கில நூலை வெளியிட்டார். ஒளிப்படங்களிற் பலவற்றை எடுத்தவர் அவருடைய துணைவியார் எதெல். பிற்காலத்தில் அவ்வம்மையார் எதெல் மேரே என்ற பெயரில் இங்கிலாந்தின் பெயர்பெற்ற நெசவாளராக விளங்கினார். பொதுவுடைமையரான வில்லியம் மொறிஸ் பயன்படுத்திய அதே அச்சியந்திரத்தில் அச்சான அந்நூலின் பிரதிகள் 425 மாத்திரமே.

அந்நூலின் பெருமையைக் குறைத்துப் பேசுதல் நன்றிகெட்ட செயலாகும். கண்டியக் கலை செத்த பொருளாக அரும்பொருட்சாலைக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில், அதைச் செய்த கைகளைப்பற்றிப் பேசியவர் அவர். 1905இலேயே கண்டிப் பிரதானிகளுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதி, பழைய விகாரைகளைச் சீரழியவிடும் அவர்களின் பொறுப்பின்மையைக் கண்டித்தவர். அந்நிய ஆட்சியும் யந்திரப் பண்டமும் தொழிலாளியின் உளியைப் பறித்ததை அவர் எழுதியதுபோல் அக்காலத்தில் வேறெவரும் அத்துணை ஆதாரத்தோடு எழுதவில்லை.

ஆயினும் ஒரு குறை உண்டு. அது சிறு குறையன்று. குமாரசுவாமி கைவினைஞரிடம் 'எப்படிச் செய்கிறீர்?' என்று கேட்டார். 'யாருக்காக, எந்த நிர்ப்பந்தத்தில் செய்தீர்?' என்ற கேள்விக்கு வந்தபோது அவருடைய செவி மென்மையாகிவிடுகிறது. நிலமானிய சமுதாயத்தில் கைவினைஞனுக்கு நிலம் இருந்தது, மதிப்பு இருந்தது, பசி இல்லை என்று காட்டுவதில் அவர் ஆர்வம் மிகக் கொண்டார். அந்த நிலம் இராஜகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தோடு பிணைந்திருந்தது. ஊழியமோ சாதியோடு பிணைந்திருந்தது. 1832இல் பிரித்தானியர் இராஜகாரியத்தை ஒழித்தபோதும் விகாரை, தேவாலய நிலங்களில் அது நீடித்தது. 1870இன் சட்டம் அவ்வூழியத்தைப் பணமாகச் செலுத்த வழிவிட்டதேயன்றி உறவை அறுத்துவிடவில்லை. இவையெல்லாம் குமாரசுவாமிக்குத் தெரியாதவை அல்ல. மானிய விபரங்களை அவரே தருகிறார். ஆனால் விபரம் தருவது வேறு, அதைச் சுமந்தவனின் வாயால் சொல்லவிடுவது வேறு. தும்பறையின் நார்ப்பாய்களின் அழகைப் புகழாதவர் இல்லை. அவற்றை நெய்தவர்கள் சாதிப் படிநிலையின் அடித்தட்டில் நிறுத்தப்பட்டவர்கள். பாயின் கோலம் படமாகிவிட்டது. நெய்தவள் தன் வாழ்வைப்பற்றி என்ன சொன்னாள் என்பது படத்தில் இல்லை.

மொறிஸின் அச்சியந்திரம் குமாரசுவாமிக்கு வந்து சேர்ந்தது. மொறிஸின் கோபத்தில் ஒரு பாதிதான் அதனோடு வந்தது என்று சொன்னால் அது கடுமையான தீர்ப்பாகாது.

மூலாச்சாரியிடம் திரும்புவோம். அவரைப்பற்றி இன்னொரு கதையும் வழங்குகிறது. கண்டிக் குளத்தை அமைத்ததிலும் அவருக்குப் பங்குண்டு. பின்னர் அரசனோடு மனத்தாங்கல் ஏற்பட்டு அதே குளத்தில் விழுந்து மாண்டார் என்பர். மனத்தாங்கலின் காரணம் சொல்பவருக்குச் சொல்பவர் வேறுபடும். இது நடந்ததா இல்லையா என்று விசாரிப்பது அவசியமே. ஆனால் அத்தோடு நின்றுவிட்டால் பாதிவழியில் திரும்பியவராவோம். இத்தாலியிலே தெர்னி என்ற உருக்காலை நகரில் அலெஸ்ஸாண்ட்ரோ போர்ட்டெல்லி என்ற ஆய்வாளர் தொழிலாளரைப் பேட்டி கண்டார். லூயிஜி திரஸ்துல்லி என்ற இளந்தொழிலாளி 1949இல், வட அத்திலாந்திக் உடன்படிக்கைக்கு எதிரான ஆர்ப்பாட்டத்தில் பொலிஸாரால் கொல்லப்பட்டவர். தொழிலாளரிற் பலரோ அச்சாவை 1953இல் பெருந்தொகையானோர் வேலைநீக்கப்பட்ட போராட்டத்தோடு சேர்த்துச் சொன்னார்கள். போர்ட்டெல்லி அதை ஞாபகப் பிசகு என்று தள்ளவில்லை. பழிவாங்க முடியாத சாவு ஒன்றை, அர்த்தமுள்ள ஒரு போராட்டத்துக்குள் மக்கள் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள் என்று கண்டார்.

கண்டிப் பிரதேசத்து மக்களும் அவ்வாறே ஒன்று செய்திருக்கிறார்கள். நானூறு ஆண்டுகளின் பெயரற்ற தச்சர்கள் அனைவரையும் ஒரு பெயருக்குள் குடியேற்றிவிட்டு, அந்தப் பெயரை அரசனின் குளத்திலே மூழ்கவைத்திருக்கிறார்கள். எந்த ஏட்டிலும் அரசனுக்கு எதிராக எழுதமுடியாத ஒரு வர்க்கம் இதைவிடத் தெளிவாகத் தன் வழக்கைப் பதிவு செய்திருக்க முடியுமா?

இன்று பேராதனையிலும் பிறவிடங்களிலும் மாணவ நண்பர்கள் ஒலிப்பதிவுக் கருவியோடு நத்தரம்பொத்தவுக்கும் எம்பெக்கவுக்கும் செல்வது வரவேற்கத்தக்கதே. ஆனால் அங்கே நடைபெறும் பேட்டிகளிற் பல ஒரே அச்சில் வார்த்தவையாக இருக்கின்றன. 'எத்தனை தலைமுறையாகச் செய்கிறீர்கள்? இந்தச் சின்னத்தின் பொருள் என்ன? இளைஞர்கள் ஏன் வருவதில்லை?' என்ற மூன்று கேள்விகள். உல்லாசப் பயணிக்குச் சொல்லிப் பழகிய மூன்று விடைகள். முதியவர் பெருமூச்சு விடுகிறார், பேட்டி முடிகிறது. மகன் ஏன் வரவில்லை என்பதற்கு விடை பித்தளைத் தகட்டின் விலையிலும், பெரஹரா காலத்துக் கொள்வனவுக்குப் பின் வரும் மாதங்களின் வெறுமையிலும், கடைக்காரருக்கும் பட்டறைக்குமிடையே நிற்கும் தரகிலும் இருக்கிறது. கண்டியக் கலைச் சங்கம் 1882இலேயே தோன்றிவிட்டது. அன்று தொட்டு விற்பனைக் கூடங்களும் அரசாங்க நிலையங்களும் பல எழுந்துள்ளன. ஒரு தட்டம் பட்டறையை விட்டு எவ்விலைக்குப் போனது, காட்சிப் பெட்டியில் எவ்விலைக்கு இருந்தது என்று ஐம்பது ஆண்டுகளுக்கேனும் தொழிலாளரின் ஞாபகத்திலிருந்து திரட்டினால், அது பத்துப் பாராட்டு மலர்களுக்கு ஈடாகும்.

தனியாகக் கேட்பது போதாது. இரண்டு மூன்று பேரை ஒருங்கே இருத்திக் கேட்டால் ஒருவர் மறந்ததை மற்றவர் எடுத்துக்கொடுப்பார். ஒருவர் மழுப்பியதை மற்றவர் திருத்துவார். அத்திருத்தம் நிகழும் கணத்தில் கருவியை நிறுத்திவிடும் பேட்டியாளர் உண்டு, ஒலி குழம்புகிறதாம்! அந்தக் குழப்பம்தான் சரித்திரம். ஆனால் சாதியைப்பற்றியும் கடனைப்பற்றியும் சபையிலே எவரும் பேசார். அதற்குத் தனிமை வேண்டும். பெண்கள் விடயத்தில் இது இன்னும் உண்மை. நார் உரித்துச் சாயமிட்டவள் அவள். கேள்விக்கு விடை சொல்பவர் பெரும்பாலும் வீட்டுத் தலைவர்.

மொழியைப்பற்றியும் ஒரு வார்த்தை. எம்பெக்கவின் அயலிலே இருக்கும் லங்காதிலக விகாரையின் கற்பாறையில், 14ஆம் நூற்றாண்டுச் சாசனம் சிங்களத்திலும் தமிழிலும் பொறிக்கப்பட்டிருக்கிறது. கடலாதெனிய விகாரையைக் கட்டிய சிற்பியின் பெயர் கணேசுவராச்சாரி. கைத்தொழில் ஒரு மொழியின் தனிச்சொத்தாக இருந்ததில்லை என்பதற்கு இவற்றைவிடச் சாட்சி வேண்டியதில்லை. எனினும் கண்டியைச் சூழ்ந்த தோட்டங்களின் தமிழ்த் தொழிலாளர்களிடையே தப்புக் கட்டியவரையும், கூடை முடைந்தவரையும், காமன் கூத்துக்கு ஒப்பனை செய்தவரையும் கைவினைஞர் என்று கணக்கெடுத்தவர் மிகச் சிலர். சி. வி. வேலுப்பிள்ளை தோட்டப் பாடல்களைத் திரட்டினார். பாட்டுக்குக் கிடைத்த அந்தச் செவி கைத்தொழிலுக்கு அதே அளவில் கிடைக்கவில்லை. ஆனந்த குமாரசுவாமியின் தந்தைவழித் தமிழைப் பெருமையாகப் பேசும் நம்மவர், அவர் சென்ற ஊர்களுக்குத் தாமும் சென்றிருக்கிறார்களா?

இறுதியாக, பதிவு செய்த குரல் யாருக்குச் சொந்தம் என்ற வினா இருக்கிறது. குமாரசுவாமியின் 425 பிரதிகளில் ஒன்றேனும் அவருக்கு விடை சொன்ன பட்டறைகளைச் சென்றடைந்திருக்கும் என்று நம்புவது கடினம். இன்று குரலைப் பிரதி செய்ய ஒரு சதமும் ஆகாது. பேட்டி எழுத்தானதும் அதைச் சிங்களத்திலும் தமிழிலும் அச்சிட்டு அதே திண்ணைக்குக் கொண்டுபோய் வாசித்துக் காட்டவேண்டும். 'நான் அப்படிச் சொல்லவில்லை' என்று அந்த முதியவர் சொல்வாரானால், பென்சிலை அவர் கையிலே கொடுக்கவேண்டும். இரட்டை வளைவு வரைந்து பழகிய கை அது. அடித்துத் திருத்த அதற்குத் தெரியும்.