மேடை எத்தனை அங்குலம்? – அம்பையின் சமையலறைக்கு மறுபடி போனபோது

அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ கதையை முதலில் வாசித்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் “வெளியே வரணும், அவ்வளவுதான்” என்று எழுதி வைத்திருக்கிறேன். பன்னிரண்டு வருடம் கழித்து, போன மாதம் அந்தப் பிரதியைத் தேடி எடுத்தேன். காரணம் இலக்கியம் இல்லை. பாண்டியில் எங்கள் வீட்டுச் சமையலறையை இடித்துக் கட்டலாம் என்று பேச்சு வந்திருந்தது.

1988-இல் வந்த தொகுப்பின் தலைப்புக் கதை அது. இவ்வளவு காலமும் அதை ஒரே வரியில் சொல்லிப் பழகிவிட்டோம்: சமையலறை ஒரு சிறை, அதிலிருந்து விடுதலை. தப்பில்லை. ஆனால் வீட்டில் கொத்தனார் வந்து நிற்கும் நேரத்தில் வாசித்தால் கதை வேறு இடத்தில் குத்துகிறது.

ராஜஸ்தானத்துப் பெரிய குடும்பம். வீட்டைப் பார்த்துப் பார்த்துக் கட்டியவர் பப்பாஜி. சமையலறை மட்டும் ஏதோ நினைவு வந்து கடைசியில் ஒட்டவைத்த மாதிரி மூலையில் கிடக்கிறது. பாத்திரம் கழுவ ஒழுங்கான இடம் இல்லை. ஜன்னலுக்கு வெளியே பச்சை மலை. தெற்கிலிருந்து வந்த மருமகள் மீனாட்சி ஒரு யோசனை சொல்கிறாள்: வெளியே இருக்கும் இடத்தை நீட்டி, பெரிய தொட்டி ஒன்று வைத்தால் என்ன? அவள் சமையலறையை விட்டுப் போக வேண்டும் என்று கேட்கவில்லை. கேட்டது ஒரு சிங்க். மாமனார் அதிர்ந்துபோகிறார். சில நாளில் அங்கே துணி காயப்போடக் கொடிகள் கட்டப்படுகின்றன. ஈரத் துணிகள் மலையை மறைத்துவிடுகின்றன.

முதல் வாசிப்பில் இந்த இடத்தைச் சட்டென்று தாண்டிவிட்டேன். இப்போது இதுதான் கதையின் மையம் என்று படுகிறது. பப்பாஜி ‘முடியாது’ என்று சொல்லி முடித்துக்கொள்ளவில்லை. வேலை ஒன்று நடந்திருக்கிறது. சமையலறைக்கு என்னவோ செய்தாகிவிட்டது. கேட்டவளுக்கு இருந்த ஒரே ஒரு நல்ல விஷயம் அதில் போய்விட்டது. மறுப்பு ஓர் ஏற்பாட்டின் வடிவத்தில் வருவதை இவ்வளவு சிக்கனமாகச் சொன்ன இன்னொரு தமிழ்க் கதை எனக்கு உடனே நினைவுக்கு வரவில்லை.

ஜியோ பேபியின் ‘தி கிரேட் இந்தியன் கிச்சன்’ (2021) படத்தில் இதே விஷயம் உரத்த குரலில் வருகிறது. சிங்க் குழாய் ஒழுகுகிறது. பிளம்பரைக் கூப்பிடு என்று அவள் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். கணவன் மறந்துகொண்டே இருக்கிறான். ஒரு போன் செய்ய வேண்டிய வேலை. அதனால்தான் கடைசியில் அந்த அழுக்குத் தண்ணீர் ஆண்கள் மேல் வீசப்படும்போது அரங்கமே கை தட்டத் தயாராகிறது. படம் நம்மைச் சுலபமாக அவள் பக்கம் நிறுத்திவிடுகிறது. அம்பையின் கதையில் அந்தச் சுகம் கிடையாது.

எங்கள் ஊருக்கு வருகிறேன். பெரிய வாய்க்காலுக்கு இந்தப் பக்கம், தமிழர் வீதிகளில் இருக்கும் பழைய வீடுகளை எல்லோரும் படம் எடுக்கிறார்கள்: வீதியைப் பார்த்த தாழ்வாரம், மரத்தூண்கள், திண்ணை. வைசியாள் வீதி முகப்புகளை மீட்டெடுத்த வேலைக்கு 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய–பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதே கிடைத்தது. நல்ல வேலை, குறை சொல்லவில்லை. ஆனால் மரபு என்றதும் நம் கண் வீதியிலேயே நின்றுவிடுகிறது. முற்றத்தைத் தாண்டி, கடைசிக் கட்டில், கரிபிடித்த சுவரோடு இருக்கும் அறையை யாரும் படம் எடுப்பதில்லை.

அப்பாவின் திட்டமும் வீதிப் பக்கம்தான். கையில் இருக்கும் பணத்தில் முன்பக்கத் தூண்களைச் சரி செய்து, முன் அறையைச் சுற்றுலா வருபவர்களுக்கு வாடகைக்கு விடலாம், சமையலறையை “அப்புறம் பாத்துக்கலாம்.” நான் சண்டை போட்டேன். அம்பையை வாசித்தவள் இல்லையா! என் போனில் நாற்பது படம் இருந்தது. வெள்ளை மாடுலர் கிச்சன், சிம்னி, கிரானைட் மேடை. முற்றத்தை மூடிவிட்டால் இன்னொரு ஆறடி கிடைக்கும் என்று கணக்கும் போட்டிருந்தேன். ஒரு வாரம் கத்தி அப்பாவைச் சம்மதிக்க வைத்தேன்.

கொத்தனார் டேப்போடு வந்தார். “மேடை எவ்ளோ ஒசரம் வெக்கட்டும் சார்?” என்று அப்பாவைப் பார்த்துக் கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார். நான் போனைப் பார்த்து “முப்பத்து நாலு இஞ்ச்” என்றேன். அம்மா நாலடி பத்தங்குலம். இருக்கிற மேடையும் அதே உயரம்தான்; இருபத்தெட்டு வருடமாக ஒரு மணைப்பலகையைப் போட்டு அதன்மேல் ஏறி நின்றுதான் குழம்பு கிளறுகிறாள். எனக்கு அது தெரியும். தெரிந்தும் சொல்ல வரவில்லை.

“முத்தத்த மூடிட்டா வடகம் எங்கடி காய வெக்கறது?” என்றாள் அம்மா. அது மட்டும்தான் கேட்டாள்.

வெங்காயமும் பூண்டும் கடுகும் சேர்த்துப் பிசைந்து உருட்டி, நாள் கணக்கில் வெயிலில் உலர்த்தும் வடகம் பாண்டிச் சமையலின் கையெழுத்து. எங்கள் வீட்டில் அதற்கு வெயில் முற்றத்தில்தான் விழும். சாயங்காலம் அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து உட்காருவதும் அங்கேதான். எனக்குச் சுருக்கென்றது. மீனாட்சி என்று என்னை நினைத்துக்கொண்டிருந்தேன். கொடி கட்டி மலையை மறைக்கப் பார்த்தது நான்.

இதில் நான் தனியாள் இல்லை என்பது மட்டும் ஓர் ஆறுதல். 1926-இல் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக்கலைஞர் வடிவமைத்த ‘ஃபிராங்ஃபர்ட் சமையலறை’தான் இன்றைய மாடுலர் கிச்சனுக்குப் பாட்டி. சுமார் 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம். எத்தனை அடி நடக்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்துக் குறைத்தது. பத்தாயிரம் வீடுகள் வரை போனது. வேலை மிச்சமானது உண்மை. ஆனால் ஒருத்தி மட்டும் நிற்கும் அறை அது, துணைக்கு ஆள் உட்கார இடமில்லை என்று பிறகு வந்த பெண்ணியவாதிகள் விமர்சித்தார்கள். அதை வடிவமைக்கும் முன் தான் வீட்டுச் சமையல் செய்ததே இல்லை என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். நல்லெண்ணத்துக்கும் டேப் தேவைப்படுகிறது. டேப்பை யார் உடம்பில் வைக்கிறோம் என்பதும் இருக்கிறது.

இந்த இடத்தில்தான் கதையின் முடிவோடு எனக்கு ஒரு வழக்கு. உடம்புக்கு முடியாமல் கிடக்கும் மாமியார் ஜீஜியிடம், உங்கள் பலம் அந்தச் சமையலறையிலிருந்தும் நகைகளிலிருந்தும் வருவதில்லை, அதையெல்லாம் விடுங்கள் என்று மீனாட்சி பேசுகிறாள். பத்தொன்பது வயதில் அது விடுதலை அறிக்கை. இப்போது அதில் படித்த மருமகளின் அவசரமும் கேட்கிறது. சமையலறை அதிகாரத்தை ஒரு வாழ்நாள் முழுக்கச் சம்பாதித்தவளிடம் அது செல்லாக்காசு என்று சொல்வது சின்ன விஷயமா? ஆனால் அம்பை என்னைவிடக் கெட்டிக்காரர். அதையெல்லாம் விட்டால் என்ன மிஞ்சும் என்ற கேள்வியை ஜீஜிக்கே கொடுத்திருக்கிறார். நீங்கள் மிஞ்சுவீர்கள் என்பது மீனாட்சியின் பதில். பதிலை நான் பென்சிலால் கோடிட்டிருந்தேன். கேள்வியைக் கோடிடவில்லை.

அந்த ‘நீங்கள்’ யார், அவளுக்கு என்ன பிடிக்கும், எத்தனை உயரம் என்று கேட்காமல் யாரையும் எங்கிருந்தும் விடுவிக்க முடியாது என்பதுதான் இந்த முறை எனக்குக் கிடைத்த வாசிப்பு. இதனால் “வெளியே வரணும்” என்பது பொய்யாகிவிடவில்லை. அப்பாவுக்கு இன்றும் டீ போடத் தெரியாது. அதை எந்த மேடை உயரமும் சரி செய்யாது. அந்தச் சண்டை தனியாகப் பாக்கி இருக்கிறது.

வேலை ஆரம்பித்துவிட்டது. முற்றம் அப்படியே இருக்கிறது. வெள்ளை அலமாரி கிடையாது, “மஞ்சத்தூள் பட்டா யாரு தொடைக்கிறது” என்று அம்மா முடித்துவிட்டாள். கொத்தனார் அம்மாவைச் சுவரோரம் நிற்கச் சொன்னார். அவள் கூச்சத்தோடு முழங்கையை மடக்கிக் காட்டினாள். அதற்குக் கொஞ்சம் கீழே கரிக்கட்டியால் கோடு போட்டார். முப்பது அங்குலம்.

அந்த மேடையில் இனி நான்தான் குனிந்து நின்று சமைக்க வேண்டும். முதுகு வலிக்கும். பரவாயில்லை.