நடிகவேளின் நகைப்பு

நாடக மேடையிலிருந்து தமிழ்த் திரைக்கு வந்த நடிகர் பலர். திரைக்கு வந்த பின்னரும் மேடையை விட்டு இறங்காதவர் எம். ஆர். ராதா. 1907ஆம் ஆண்டு சென்னையில் பிறந்த இவர், சிறுவயதிலேயே நாடகக் கம்பெனியில் சேர்ந்தவர். 1937இல் 'ராஜசேகரன்' படத்தில் தோன்றிச் சில படங்களில் நடித்தபின் மீண்டும் மேடைக்கே திரும்பினார். அங்குதான் திருவாரூர் தங்கராசுவின் 'ரத்தக்கண்ணீர்' நாடகம் அவருக்கு வாய்த்தது. 1954இல் கிருஷ்ணன் – பஞ்சு இயக்கத்தில் அது திரைப்படமாயிற்று.

கதையின் நாயகன் மோகனசுந்தரம், வெளிநாடு சென்று திரும்பிய செல்வன். மனைவியைப் புறக்கணித்துக் காந்தா என்னும் பெண்ணை நாடுகிறான். தொழுநோயாளியாகிப் பார்வையும் இழந்து தெருவில் அலைகிறான்.

பகுத்தறிவு பேசும் இக்கதையில் ஒரு முரண்பாடு உண்டு. விதியையும் கர்மவினையையும் எள்ளி நகையாடும் அதுவே, நோயைப் பாவத்தின் சம்பளமாகக் காட்டுகிறது. தொழுநோய்க்கு ஒரு கிருமியே காரணம் என்பதை ஹான்சன் 1873இலேயே கண்டறிந்துவிட்டார். இன்றோ அது மருந்தால் முற்றிலும் தீரும் நோய். ஆயர் ஈத்தாமில் வாழும் வாசகருக்கு இக்குறை அயலானதன்று. பினாங்கின் கிழக்குக் கரைக்கு எதிரே கிடக்கும் ஜெரெஜாக் தீவு, ஒரு காலத்தில் தொழுநோயாளரைப் பிரித்து வைத்த இடம். அங்கே அடைபட்டோர் எப்பாவத்தைச் செய்தவர்? நோயுற்றோர் யாவரையும் குற்றவாளிகளாக எண்ணும் மனப்பான்மைக்கு இக்கதை துணைபோகிறது என்பதை மறுக்க இயலாது.

ஆயினும் கதை செய்த பிழையை நடிப்பு ஓரளவு திருத்துகிறது. இதுவே ராதாவின் சாதனை. நோயுற்ற மோகன் இரக்கத்திற்காக ஏங்குவதில்லை. உடல் சிதையச் சிதைய அவன் நகைப்பு கூர்மையடைகிறது. அடித்தொண்டையில் உறுமித் தொடங்கும் குரல், வாக்கியத்தின் நடுவிலேயே கீச்சென்று உச்சிக்குத் தாவுகிறது. செல்வனாக இருந்தபோது ஆணவம் பேசிய அதே நா, இரவலனானபின் உலகின் போலித்தனத்தை விசாரிக்கிறது. தண்டனை பெற்றவனாக நிற்க வேண்டியவன், கேள்வி கேட்பவனாக உயர்ந்துவிடுகிறான்.

இதனை மிகை நடிப்பு என்று ஒதுக்குவாருளர். ஒலிபெருக்கி கடைசி வரிசைக்கு எட்டாத காலத்தில் பயின்ற குரல் அது. உடன் நடிப்பவரைவிட எதிரே அமர்ந்திருப்பவரையே நோக்கிப் பேசும் குரல். காமிராவுக்காக அதனை அவர் அடக்கியிருப்பின், எஞ்சியிருப்பது கதையின் தண்டனை மட்டுமே.

'பாகப்பிரிவினை' (1959), 'பாவ மன்னிப்பு' (1961), 'பலே பாண்டியா' (1962) முதலிய படங்கள் அக்குரலை விரும்பி ஏற்றன. ஆயின் வில்லத்தனத்திற்கும் நகைச்சுவைக்கும் அதனைப் பயன்படுத்திக்கொண்டு, அதனுள் இருந்த கேள்வியைப் பெரும்பாலும் கைவிட்டன. 1967ஆம் ஆண்டுத் துப்பாக்கி வழக்கும் சிறைவாசமும் அவரது கலைவாழ்வை இடைமறித்தன. 1979 செப்டம்பர் 17ஆம் நாள், தாம் தலைவராக ஏற்ற பெரியாரின் பிறந்த நாளன்றே, அவர் மறைந்தார்.

அவரது மேடையைக் காணாத தலைமுறைக்கு எஞ்சியிருக்கும் முதன்மைச் சான்று 'ரத்தக்கண்ணீர்' திரைப்படமே. அதன் நீதியை இன்று ஏற்க வேண்டுவதில்லை. அதில் ஒலிக்கும் நகைப்பை இழக்கவும் வேண்டுவதில்லை.