தத்துப் பிள்ளைக்குப் பங்கில்லை

தனியார்மயம் எப்போதும் ஏலக் குரலோடுதான் வரும் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். அது உறவுமுறைச் சொல்லோடும் வரும். 2024 டிசம்பர் இறுதியில், தனியார் பள்ளிகள் 500 அரசுப் பள்ளிகளைத் 'தத்தெடுக்க'ப் போவதாகச் செய்தி வந்தது. இடதுசாரிக் கட்சிகள் எதிர்த்தன. தத்துக் கொடுக்கும் திட்டம் ஏதுமில்லை என்று பள்ளிக்கல்வி அமைச்சர் மறுத்தார். விவாதம் அடங்கிவிட்டது. அந்தச் சொல்லை மட்டும் நாம் வாசிக்காமலே விட்டுவிட்டோம்.

தத்துப் போன பிள்ளைக்குப் பிறந்த வீட்டில் பங்கில்லை. 'குடுத்தாச்சு, அப்புறம் என்ன கேள்வி?' என்பார்கள் எங்கள் பக்கத்தில். இந்தச் சொல்லாடலில் அரசு பெற்றவர், தனியார் வளர்ப்பவர். பள்ளியில் படிக்கிற பிள்ளையும் அதன் தாய்தகப்பனும் எங்கே? அவர்கள் வாங்கிக்கொள்கிறவர்கள், அவ்வளவுதான்.

தஞ்சைக்கு இது புதிதல்ல. கோயிலும் மடமும் பண்ணையும் நிலத்தை வைத்திருந்த இந்த நெல்வெளியில், கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைக்குக் கிடைத்ததெல்லாம் தயவு. அரசுப் பள்ளி ஒன்றும் சொர்க்கமல்ல. சாதி அதற்குள்ளும் பாய் விரித்து உட்கார்ந்திருந்தது. ஆனாலும் 'இது எனக்கு வரவேண்டியது' என்று கேட்க முடிந்த இடம் அது. நன்கொடை கொடுத்தவரிடம் யார் போய்க் கணக்குக் கேட்பது?

'உதவிதானே, என்ன கெட்டுப்போச்சு?' என்று கேட்கும் நண்பர்களுக்குக் கும்பகோணத்தை நினைவூட்டுகிறேன். அரசு உதவி பெறும் பள்ளியும் கட்டணம் வாங்கும் ஆங்கிலவழி நர்சரிப் பள்ளியும் அங்கே ஒரே கட்டடத்தில் நடந்தன. 2004 ஜூலை 16 அன்று சமையல்கூடத்துத் தீ வகுப்பறைக் கீற்றுக்கூரைக்குப் பரவி 94 குழந்தைகள் மாண்டார்கள். 2014இல்தான் தஞ்சாவூர் நீதிமன்றம் 10 பேரைத் தண்டித்தது. 11 பேரை விடுவித்தது. பொதுப்பணமும் தனியார் நிர்வாகமும் ஒட்டிக்கொண்ட இடத்தில் யார் பொறுப்பு என்று சொல்லவே பத்தாண்டு பிடித்தது. அரசுப் பள்ளியில் விபத்தே நேராது என்று நான் வாதிடவில்லை. யாரைக் கேட்பது என்பதாவது அங்கே தெளிவாக இருக்கவேண்டும் என்கிறேன்.

இதையெல்லாம் எழுதுகிற, வாசிக்கிற நம்மில் எத்தனை பேர் பிள்ளைகளை ஊராட்சிப் பள்ளிக்கு அனுப்புகிறோம்? நாம் விட்டுவந்த இடத்தில்தான் தத்தெடுப்பவர் வந்து நிற்கிறார். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோருக்கு. அந்தப் பங்கைப் போய்க் கேட்காமல் தத்தெடுப்பை எதிர்த்து அறிக்கை மட்டும் விடுவது, பிள்ளையைத் தெருவில் விட்டுவிட்டு வழக்காடுவதுதான்.